பரோலோவா, பர்பரெஸ்கோவா, கத்தினாராவா? நெபியோலோ வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

இத்தாலிக்குப் போகிறவர்களும் ஐரோப்பாவில் குடியிருக்கும் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "நல்ல இத்தாலிய ஒயின் ஒன்றே ஒன்று வாங்கணும், பரோலோ வாங்கிடவா?" வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த ஊர் பரோலோ, எந்த வருடத்து அறுவடை, எப்போது திறக்கப்போகிறீர்கள் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் கொடுக்கும் காசுக்கு ஏற்ற பாட்டில் கைக்கு வரும். நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து, ஒரே மாநிலத்தில், பரோலோ, பர்பரெஸ்கோ, கத்தினாரா என்று அரை டஜன் பெயர்களில் ஒயின் வருகிறது. விலை 15 யூரோவில் தொடங்கிப் பல நூறு யூரோ வரை போகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைவிட, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ஊர்ப் பெயரும் தோட்டப் பெயரும்தான் முக்கியம்.

முதலில் திராட்சையைப் பற்றிக் கொஞ்சம். வடமேற்கு இத்தாலியில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் பியெமோந்தே மாநிலத்துக்காரர்களின் சொந்தச் சொத்து நெபியோலோ. 1266-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில், தூரின் நகருக்குப் பக்கத்திலுள்ள ரிவோலியில் இது பயிரானதாகக் குறிப்பு இருக்கிறது. 1431-இல் லா மோர்ரா ஊரின் சட்டத் தொகுப்பு, நெபியோலோ கொடியை வெட்டுகிறவர்களுக்குத் தண்டனையே வகுத்தது. இவ்வளவு மதிப்பிருந்தாலும், வளர்க்கிறவரைப் படாதபாடு படுத்தும் கொடி அது. வசந்தத்தில் மற்ற வகைகளுக்கெல்லாம் முன்னால் துளிர்த்து உறைபனியிடம் மாட்டிக்கொள்ளும். எல்லாரும் அறுவடை முடித்துக் கூடையைக் கவிழ்த்த பிறகு, அக்டோபர் மூடுபனியில்தான் பழுக்கும். அதனால் மலைச்சரிவில் வெயில் முழுதாக விழும் இடங்களை இதற்கென்றே ஒதுக்கிவைப்பார்கள். குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ என்பது பழைய விவசாயிகளின் கணக்கு. மற்ற சரிவுகளுக்கு பார்பேரா, தோல்செத்தோ என்ற வேறு திராட்சைகள். வடக்கு பார்த்த நிழல் நிலத்துக்கு ஹேசல்நட் மரங்கள். ஆல்பா ஊரில் பிறந்த ஃபெர்ரேரோ நிறுவனத்தின் சாக்லேட்டுக்கும் இந்த மலைகளின் கொட்டைக்கும் உள்ள உறவு இப்படித் தொடங்கியதுதான்.

ஒயினாக வரும்போது நிறம் வெளிறித்தான் இருக்கும். கிளாஸை உயர்த்திப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். அதைப் பார்த்து "லேசானது போல" என்று நினைத்து ஒரு வாய் குடித்தால், கொட்டைப்பாக்கைக் கடித்தது போல நாக்கும் ஈறும் இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்பும் கூடவே வரும் புளிப்பும்தான் இந்த ஒயினை முப்பது வருடம் தாங்கவைக்கின்றன. துவர்ப்பு எவ்வளவு, எத்தனை வருடத்தில் அடங்கும் என்பதை எது தீர்மானிக்கிறது? பெரும்பகுதி, மண்.

ஒரே பெயர், இரண்டு மண்

ஆல்பாவைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு லாங்கே என்று பெயர். ஒரு காலத்தில் இது முழுவதும் கடலடி. நிலவியலாளர்கள் உலகம் முழுவதற்கும் பயன்படுத்தும் மயோசீன் என்ற பழைய நிலவியல் காலத்தின் பிரிவுகளில் மூன்று, இந்த வட்டாரத்து ஊர்களின் பெயரைத் தாங்கியவை. லாங்கே தந்தது லாங்கியன், செர்ராவாலே தந்தது செர்ராவாலியன், தொர்தோனா தந்தது தொர்தோனியன். இதில் பின்னிரண்டைத்தான் பரோலோ வாங்குகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பரோலோ என்ற பெயரைப் பயன்படுத்த 11 ஊர்களுக்கு உரிமை உண்டு. மேற்குப் பக்கம் லா மோர்ராவும் பரோலோ ஊரும். இங்கே மேலாக இருப்பது தொர்தோனியன் காலத்து, ஏறக்குறைய 1.16 கோடி முதல் 72 லட்சம் ஆண்டுகள் வரை பழமையான, நீலம் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். சாந்த்’ஆகாத்தா படிவம் என்பார்கள் (படிவம் என்றால் ஒரே காலத்தில் படிந்த மண், பாறை அடுக்கு). மக்னீசியமும் மாங்கனீசும் கூடுதல், ஈரத்தையும் பிடித்துவைக்கும். இந்த மண்ணில் வரும் ஒயின் மணத்தால் முந்திக்கொள்ளும்: ரோஜா, செர்ரி, கொஞ்சம் புதினா. துவர்ப்பு உண்டு, ஆனால் மெல்லியது. ஏழெட்டு வருடத்தில் குடிக்கத் தயாராகிவிடும்.

லா மோர்ராவிலிருந்து பறவை பறக்கும் கணக்கில் சுமார் 6 கிலோமீட்டர் கிழக்கே செர்ராலுங்கா. மண் வேறாகிவிடுகிறது. செர்ராவாலியன் காலத்து, இன்னும் பழைய லேக்வியோ படிவம். மணற்கல்லும் சுண்ணாம்புக் களியும் அடுக்கடுக்காக மாறி மாறி வரும், வெளிறிய, வளம் குறைந்த நிலம். கொடி இங்கே பாடுபட்டுத்தான் வேர் இறக்க வேண்டும். ஒயின் கெட்டி, இறுக்கம், தார் மணம், அடுக்கி வைத்தது போன்ற துவர்ப்பு. பத்து வருடத்துக்குள் திறப்பது பல பாட்டில்களுக்குச் செய்யும் அநியாயம். பக்கத்து ஊர் மோன்ஃபோர்தேயும் பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் குணம்தான். நடுவில் நிற்கும் கஸ்தில்யோனே ஃபல்லெத்தோவில் தியானோ மணற்கல் எனும் இன்னொரு படிவம் கலந்துகொள்கிறது. மேற்கின் மணமும் கிழக்கின் முதுகெலும்பும் ஒரே கிளாஸில் வேண்டுமென்றால் நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன். வடமேற்கு ஓரத்து வெர்தூனோவில் ஜிப்சம் கலந்த இளைய மண்ணும் உண்டு. அங்கே ஒயினில் மிளகு வாசம் தூக்கலாக இருக்கும் என்பது பலரின் அனுபவம், எனக்கும்.

இந்த மேற்கு–கிழக்குப் பிரிவினை ஒரு வசதிக்குத்தான். நிலவியல் வரைபடத்தை விரித்தால் ஒரே ஊருக்குள் இரண்டு படிவங்களும் பின்னிக்கிடப்பது தெரியும். இருந்தாலும் கடையில் நின்றுகொண்டு முடிவெடுக்க இந்தக் கோடு போதும்.

பர்பரெஸ்கோ தம்பியா?

பரோலோ ‘ராஜா’, பர்பரெஸ்கோ ‘ராணி’ என்றொரு பழைய பேச்சு உண்டு. தம்பி, இளையவன் என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்காது. ஆல்பாவுக்கு வடகிழக்கே பர்பரெஸ்கோ, நெய்வே, த்ரெய்சோ என்ற மூன்று ஊர்களும் ஆல்பா நகராட்சியின் ஒரு துண்டும் சேர்ந்தது இந்த எல்லை. இங்கேயும் பெரும்பகுதி லா மோர்ராவில் பார்த்த அதே தொர்தோனியன் களிமண்தான். நெய்வே, த்ரெய்சோவின் சில பகுதிகளில் லேக்வியோவும் தலைகாட்டும். அதாவது மண்ணை வைத்துப் பார்த்தால், லா மோர்ரா பரோலோவுக்கு செர்ராலுங்கா பரோலோவைவிட பர்பரெஸ்கோதான் நெருங்கிய உறவு. லேபிளில் மட்டும் கதை வேறு.

வித்தியாசம் வருவது உயரத்திலும் ஆற்றிலும். தானாரோ ஆறு பர்பரெஸ்கோ குன்றுகளின் காலடியிலேயே ஓடுகிறது. தோட்டங்கள் சராசரியாகத் தாழ்வானவை, காற்று கொஞ்சம் வெதுவெதுப்பானது, அறுவடை பரோலோவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுவது வழக்கம். சட்டமும் அதற்கேற்றபடி. பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். பர்பரெஸ்கோவுக்கு 26 மாதம், பீப்பாயில் 9. கூடுதலாக முதிரவைத்த ரிசர்வா என்றால் முறையே 62, 50 மாதம். இரண்டுக்குமே இத்தாலியின் உயர்ந்த தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. 1980-இல் வந்தது, ஒரு ஹெக்டேருக்கு 8 டன் திராட்சைக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வரம்பும் ஒன்றே. தரத்தில் அண்ணன் தம்பி கிடையாது.

பிறகு ஏன் விலையில் இடைவெளி? இங்கேதான் வரலாறு வருகிறது. பரோலோவின் கதை அரண்மனையில் நடப்பது. பரோலோ கோட்டையின் சீமாட்டி ஜூலியா ஃபல்லெத்தி, பிரான்ஸில் பிறந்தவர், 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தன் நிலத்து ஒயினைத் தூரின் அரசவை வரை கொண்டுபோனார். பக்கத்துக் கிரின்சானேயில் மேயராக இருந்தவர் கவூர், பின்னாளில் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமர். செர்ராலுங்காவின் ஃபொந்தானாஃப்ரெத்தா பண்ணை மன்னர் இரண்டாம் வித்தோரியோ எமானுவேலேயும் அவர் காதலி ரோசா வெர்செல்லானாவும் வாழ்ந்த இடம். அதற்கு முன் பெரும்பாலும் இனிப்பாக, பாதி நுரைப்போடு குடிக்கப்பட்ட நெபியோலோவை, சர்க்கரை முழுதும் நொதித்துத் தீர்ந்த கெட்டி ஒயினாக மாற்றியது யார் என்பதில் இன்றும் சண்டை: பிரெஞ்சுக்காரர் லூயி ஊதார் என்று ஒரு கட்சி, கவூரின் ஆலோசகர் ஸ்தாலியேனோ என்று இன்னொரு கட்சி. யார் செய்திருந்தாலும், ராஜமுத்திரை விழுந்துவிட்டது. அந்த முத்திரைக்கு இன்றும் நாம் பணம் கட்டுகிறோம்.

பர்பரெஸ்கோவின் கதையில் வருகிறவர்கள் ஒரு வாத்தியாரும் ஒரு பாதிரியாரும். ஆல்பாவின் ஒயின் கல்லூரித் தலைவராக இருந்த தொமீட்சியோ கவாட்சா, 1894-இல் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார். அதுவரை இங்கே விளைந்த திராட்சை பரோலோ என்ற பெயரிலேயே விற்றுப்போய்க்கொண்டிருந்தது. பாசிச ஆட்சிக் காலத்தில் அந்தக் கூட்டுறவு மூடப்பட்டது. 1958-இல் ஊர்ப் பாதிரியார் ஃபியோரீனோ மாரெங்கோ, சிறு விவசாயிகள் 19 பேரைத் திரட்டி மறுபடி ஆரம்பித்தார். முதல் சில வருட ஒயின் தேவாலயத்தின் நிலவறையிலேயே தயாரானது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்த புரோதுத்தோரி தெல் பர்பரெஸ்கோ என்ற அந்தக் கூட்டுறவு, நல்ல வருடங்களில் அசீலி, ரபாயா, மோந்தேஸ்தெஃபனோ என்று ஒன்பது தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியாகப் பாட்டிலில் அடைக்கிறது. ஒன்பதும் ஒரே கையால், ஒரே முறையில் செய்தவை. வேறுபடுவது நிலம் மட்டும். மண்ணின் ருசியை நாக்கால் படிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. விலையும் இதே தரத்துப் பரோலோவைவிடக் குறைவு. (எல்லா பர்பரெஸ்கோவும் மலிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பேர்பெற்ற தயாரிப்பாளர் ஆஞ்செலோ காயாவின் பாட்டிலுக்கு விலை கேட்டால் தெரியும்.)

வருடத்தைக் கவனிக்காமல் வாங்காதீர்கள்

இங்கே குளிர்காலம் கடுங்குளிர், கோடை நல்ல சூடு. மேற்கிலும் வடக்கிலும் ஆல்ப்ஸ், தெற்கே மலைகளுக்கு அப்பால் கடல். கோடையில் ஆலங்கட்டி மழை ஒரு நிரந்தர பயம். 2002-இல் பரோலோ தோட்டங்களை அடித்து நொறுக்கியது. முன்பெல்லாம் பத்து வருடத்தில் இரண்டு மூன்றுதான் சரியாகப் பழுத்த வருடம். இப்போது வெப்பம் ஏறி, பழுக்காமல் போவதைவிட அதிகம் பழுத்துவிடுவதுதான் கவலை. பரோலோவில் 14.5, 15 சதவீத ஆல்கஹால் சாதாரணமாகிவிட்டது.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதிர்வு விதிகள் வேறு என்பதால், ஒரே நேரத்தில் கடைக்கு வரும் பரோலோவும் பர்பரெஸ்கோவும் வெவ்வேறு வருட அறுவடை. 2025-இல் புதிதாக வந்தவை 2021 பரோலோவும் 2022 பர்பரெஸ்கோவும். 2021 நிதானமாகப் பழுத்த, பாராட்டுப் பெற்ற வருடம். 2022 கடும் வறட்சி. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துவிட்டு "பரோலோதான் உசத்தி" என்றால், வானிலைக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பெண்ணை ஊருக்குக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். 2014-இல் இது தலைகீழ். பரோலோ பக்கம் மழை கொட்டித் தீர்த்தது, பர்பரெஸ்கோவுக்கு மழை எவ்வளவோ குறைவு. அந்த வருடத்து பர்பரெஸ்கோவை எங்காவது நியாயமான விலையில் கண்டால் யோசிக்காமல் எடுங்கள். 2016 எந்தப் பக்கம் கைவைத்தாலும் நன்றாக இருக்கும்.

2017, 2022 மாதிரி வெயில் வருடங்களில் உயரமான இடங்களைத் தேடுவேன்: லா மோர்ராவின் மேல்சரிவு, நொவெல்லோ, த்ரெய்சோ. குளிர்ந்த வருடமென்றால் ஆற்றோரத்துத் தாழ்வான தோட்டங்கள்.

வடக்கே ஓர் எரிமலை

வெயில் வருடங்களுக்கு இன்னொரு பதில் இருக்கிறது, ஆனால் அது லாங்கேயில் இல்லை. ஆல்பாவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, மோந்தே ரோசா மலையின் அடியில் கத்தினாரா. இதே நெபியோலோவை இங்கே ஸ்பான்னா என்பார்கள். இங்கே மண்ணில் சுண்ணாம்பு கிடையாது. சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த மாபெரும் எரிமலை ஒன்றின் மிச்சம்தான் இந்தச் செசியா பள்ளத்தாக்கு. செம்மை படர்ந்த, இரும்புச் சத்துள்ள எரிமலைப் பாறை, அமிலத்தன்மை கூடிய மண். இரவில் மலைக்காற்று இறங்கும். ஒயின் மெலிந்து, புளிப்பு தூக்கலாக, உப்பும் ரத்த ஆரஞ்சும் கலந்த ருசியோடு வரும். உடல்கட்டு வேண்டுமென்பவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு இதுதான் கோடை நெபியோலோ.

ஒரு காலத்தில் இந்த வடபகுதி முழுக்கத் திராட்சைதான். லாங்கேயைவிடப் பெரிய பெயர். கொடியின் வேரைத் தாக்கும் ஃபிலாக்சரா பூச்சி வந்தது, பிறகு பக்கத்து பியெல்லா நகரின் நெசவாலைகள் கூலி கொடுத்து ஆட்களை இழுத்துக்கொண்டன, தோட்டங்கள் காடாயின. இன்று கத்தினாராவில் இருப்பது நூறு ஹெக்டேரை ஒட்டித்தான். டி.ஓ.சி.ஜி. சான்று 1990-இல் கிடைத்தது. கிட்டத்தட்ட மூன்று வருடம் முதிரவைத்து விற்கும் ஒயினுக்கு அவர்கள் கேட்கும் விலை, அதே உழைப்பில் வந்த பரோலோவைவிடப் பல நேரம் குறைவு. கிடைப்பதுதான் கஷ்டம்.

ரோயேரோவையும் சொல்லிவிட வேண்டும். தானாரோவின் மறுகரை, மணல் மண், 2004 முதல் டி.ஓ.சி.ஜி. மணலில் நெபியோலோ மென்மையாக வரும், சீக்கிரம் குடிக்கலாம், நீண்ட நாள் வைக்க வேண்டாம். அந்தக் கரையில் எனக்கு அர்னேய்ஸ் என்ற வெள்ளை ஒயின்தான் அதிகம் பிடிக்கும்.

பீப்பாய்ச் சண்டை

லேபிளில் தெரியாத ஒரு விஷயம் இது. 1980-களில் பரோலோவில் குடும்பங்களே இரண்டுபட்டன. புதிய கட்சிக்காரர் எலியோ அல்தாரே, அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை 1983-இல் ரம்பத்தால் அறுத்தெறிந்தார். அப்பா அவருக்குச் சொத்தை மறுத்தார். பரீக் எனும் சின்னப் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய், குறைந்த நாள் தோலோடு ஊறவைத்தல், சீக்கிரம் குடிக்கலாம் என்பது அவர்கள் வழி. எதிர்க்கட்சியின் முகம் பர்தோலோ மஸ்கரெல்லோ. "பரீக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று இத்தாலிய அரசியல்வாதியையும் சேர்த்து இழுத்துக் கையால் வரைந்த லேபிள் ஒட்டியவர். அவர் தனித்தோட்டப் பெயரும் போடமாட்டார். பல தோட்டத்துத் திராட்சையைக் கலந்து ஒரே பரோலோ செய்வதுதான் மரபு என்றவர். இன்று இரு கட்சியும் நடுவழிக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் கடைக்காரரிடம் "பெரிய பீப்பாயா, சின்னதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சின்னப் புதிய பீப்பாய் தரும் வெனிலா வாசம் எனக்கு ஆகாது என்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

இந்த வாரமே திறக்கப்போகிறீர்கள் என்றால் பரோலோவே வேண்டாம். லாங்கே நெபியோலோ என்று போட்ட பாட்டிலை எடுங்கள். நல்ல தயாரிப்பாளர் பலர் பரோலோ தோட்டத்து இளங்கொடிகளின் பழத்தை இதில்தான் போடுகிறார்கள். இத்தாலியில் பெரும்பாலும் 15 முதல் 25 யூரோவுக்குள் முடியும். முப்பது யூரோ கொடுத்துப் பெயரில்லாத சூப்பர்மார்க்கெட் பரோலோ வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு மூன்று வருடம் வைத்திருப்பேன், ஒரு விசேஷத்துக்குத் திறப்பேன் என்றால் என் ஓட்டு பர்பரெஸ்கோவுக்கு. பெரும்பாலானவர்களின் நிலைமை இதுதான், அதனால் பெரும்பாலானவர்களுக்கு என் பதிலும் இதுதான். பரோலோ என்ற பெயர் லேபிளில் இருந்தே ஆக வேண்டும், பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றால் லா மோர்ரா அல்லது வெர்தூனோ. பரிசு பெறுகிறவர் வைத்திருக்க மாட்டார், கிடைத்த அன்றே திறந்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டு வாங்குங்கள்.

குழந்தை பிறந்த வருடத்து ஒயினை எடுத்து வைத்து, அது வளர்ந்த பிறகு திறக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் செர்ராலுங்காவும் மோன்ஃபோர்தேயும். ஆனால் 12, 14 டிகிரியில் இருட்டில் படுக்கவைக்க இடம் இருக்க வேண்டும். சமையலறை அலமாரியில் இருபது வருடம் வைத்தால் மிஞ்சுவது விலையுயர்ந்த வினிகர். இடமில்லாதவர் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

தோட்டப் பெயர்கள் குழப்பினால் பயப்பட வேண்டாம். பர்பரெஸ்கோ 2007-லும் பரோலோ 2010-லும் தோட்ட எல்லைகளை அதிகாரப்பூர்வமாக வரைந்துவிட்டன. முன்னதில் 66, பின்னதில் 11 ஊர்ப் பெயர்களையும் சேர்த்து 181. எல்லாம் சமமல்ல, சில பெரிய எல்லைகள் அரசியல் சமரசத்தில் வந்தவை. புஸ்ஸியா என்ற ஒரே பெயருக்குள் நல்ல சரிவும் சுமாரான சரிவும் கிடக்கின்றன.

இன்னொன்று, சாப்பாடு. இந்த ஒயின் முட்டை மஞ்சள்கருவில் பிசைந்த தயரீன் நூடுல்ஸுக்கும், வேகவைத்த மாட்டிறைச்சிக்கும், ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் எனும் நிலத்தடிக் காளானுக்கும் பக்கத்தில் வளர்ந்தது. செட்டிநாட்டுக் கறியோடு வைத்தால் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் இரண்டு மடங்காக்கிக் காட்டும், இரண்டும் கெடும். வெண்ணெய், சீஸ், காளான் சேர்ந்த எதுவும் ஒத்துப்போகும். நேரில் போகிறவர்கள் அக்டோபர், நவம்பரில் போனால் ட்ரஃபிள் சந்தையும் கிடைக்கும், அறை வாடகை இரட்டிப்பாகவும் இருக்கும். அறுவடை முடியும்வரை சிறு தயாரிப்பாளர்கள் பலரும் கதவைத் திறந்து ருசி காட்ட மாட்டார்கள். அந்த நாட்களில் பர்பரெஸ்கோவின் பழைய சான் தொனாத்தோ தேவாலயத்தில் இருக்கும் ஒயின் கூடத்திலோ, கிரின்சானே கவூர் கோட்டையிலோ பல பேருடைய ஒயினை ஒரே இடத்தில் கிளாஸ் கணக்கில் வாங்கிப் பார்க்கலாம்.